சாவா மூவாப் பேராடும் வங்கி வட்டியும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு விடப்பட்ட அறங்களைப் படிப்பவர்கள் ஒரு சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சந்திப்பார்கள்: சாவா மூவாப் பேராடு. ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிவதற்கு 96 ஆடுகள் இடையர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடு தட்டும் என்பது கல்லில் பொறித்தவர்களுக்குத் தெரியாததல்ல. பிறக்கும் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் காப்பது இடையரின் கடமை என்பதால்தான் அந்த மந்தை சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. நெய் கோயிலுக்கு, குட்டி மந்தைக்கு என்ற இந்த எளிய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, இறந்தவர் நினைவாக மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்கு இன்று டெல்டா மாவட்டங்களில் ஏற்படுத்தப்படும் உதவித்தொகைகளைப் பார்த்தால், அவற்றுள் பல ஏன் இருபது முப்பது ஆண்டுகளில் பெயரளவுக்குச் சுருங்கிவிடுகின்றன என்பது விளங்கும்.

மருத்துவம் கற்பவருக்கு ஊர்ப் பொருளில் சோறு போடுவது காவிரிக் கரைக்குப் புதிய செய்தி அன்று. இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள திருவாவடுதுறையில், விக்கிரம சோழன் காலத்து 1121ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, அங்கிருந்த மடத்தில் அஷ்டாங்க ஹிருதயமும் சரக சம்ஹிதையும் ரூபாவதாரம் என்ற இலக்கண நூலும் படிப்பவர்களுக்கு உணவளிக்கச் செய்யப்பட்ட ஏற்பாட்டைக் கூறுகிறது. கட்டணச் சலுகையோ பதக்கமோ அல்ல, உணவு. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, இராசராசனின் தமக்கை குந்தவை, தஞ்சாவூரில் தம் தந்தை சுந்தர சோழன் பெயரால் அமைந்த விண்ணகரின் (திருமால் கோயிலின்) ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, நிலம் விட்டிருக்கிறார். மருத்துவர் ஒருவரின் பிழைப்புக்காக விடப்படும் அத்தகைய நிலத்துக்கு மருத்துவக்காணி என்று பெயர். தந்தையின் பெயரால் மகள் செய்த மருத்துவ அறம் என்ற வகையில், இன்று நாம் நினைவு அறக்கட்டளை என்று சொல்வதன் எல்லா உறுப்புகளும் அதில் இருக்கின்றன: ஒருவரின் பெயர், ஒரு நோக்கம், அந்த நோக்கத்தைத் தாங்குவதற்கு ஒரு முதல்.

மராட்டியர் காலத்திலும் இது தொடர்ந்தது. 1800களின் தொடக்கத்தில் இரண்டாம் சரபோசி, மறைந்த தம் துணைவி முக்தாம்பாளின் பெயரால் ஒரத்தநாட்டில் எழுப்பிய சத்திரம் வழிப்போக்கருக்கும் கற்பவருக்கும் உணவளித்தது. தஞ்சை அரசின் சத்திரங்களில் நோயுற்றுத் தங்குபவர்களுக்கு மருத்துவர் வைத்துப் பார்த்த வழக்கத்தை அம்மன்னர் 1801இல் ஆங்கிலேயக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். இந்தச் சத்திரங்களைத் தாங்கியது நிலம். நிலத்திலிருந்து வந்தது நெல். இந்த இரண்டு வாக்கியங்களையும் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இன்று ஒரு குடும்பம் தந்தையின் அல்லது தாயின் நினைவாக உதவித்தொகை ஏற்படுத்த நினைத்தால் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகிறது. பல்கலைக்கழகத்திடமோ கல்லூரியிடமோ ஒரு தொகையைக் கொடுத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு மாணவருக்கு இன்ன தகுதியின்படி வழங்க வேண்டும் என்று எழுதித் தருவது ஒரு வழி. கல்லூரியின் ஆட்சிக்குழு அதை ஏற்றுத் தொகையை நிரந்தர வைப்பில் போட்டுவிடும். தாங்களே அறக்கட்டளைப் பத்திரம் பதிவு செய்து, வங்கிக் கணக்கு தொடங்கி, விண்ணப்பம் பெற்று வழங்குவது மற்றொன்று. இருபத்தைந்தாம் ஆண்டுச் சந்திப்புக்குக் கூடும் மருத்துவக் கல்லூரி முன்னாள் மாணவர்கள் மறைந்த வகுப்புத் தோழர் பெயரில் திரட்டும் நிதியும் இவற்றில் ஒன்றாகத்தான் முடிகிறது. இரண்டிலும் முதல் என்பது வங்கி வைப்பு. ஆட்டுக்கும் நிலத்துக்கும் இல்லாத ஒரு நோய் வங்கி வைப்புக்கு உண்டு: அதன் எண் மாறுவதில்லை, ஆனால் அந்த எண்ணால் வாங்கக்கூடியது ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

டெல்டாக்காரர்களுக்கு இதை நெல்லில் சொல்வதே எளிது. 1990களின் நடுப்பகுதியில் வங்கி வைப்புக்கு 12 விழுக்காடு வட்டி கிடைத்தது. அப்போது 1 லட்சம் ரூபாயில் ஏற்படுத்திய அறக்கட்டளைக்கு ஆண்டு வருமானம் 12,000 ரூபாய். 1995-96இல் சாதாரண ரக நெல்லுக்கு மைய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 360 ரூபாய். ஆகவே அந்த வட்டி ஏறத்தாழ 33 குவிண்டால் நெல்லுக்குச் சமம். 60 கிலோ மூட்டைக் கணக்கில் 55 மூட்டை. 2024-25இல் அதே ரகத்தின் ஆதரவு விலை 2,300 ரூபாய். வட்டி 7 விழுக்காடு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் அதே 1 லட்சம் தருவது 7,000 ரூபாய், அதாவது 3 குவிண்டால், 5 மூட்டை. பத்திரத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை, யாரும் ஒரு பைசாவும் கையாடவில்லை, வங்கியும் தவறவில்லை. ஆனாலும் 55 மூட்டை அறம் 5 மூட்டை அறமாகிவிட்டது. ஓர் ஏக்கர் நஞ்சையை எழுதிவைத்திருந்தால் மகசூல் அன்றுபோல் இன்றும் மூட்டையில்தான் வந்திருக்கும்.

தங்கப் பதக்கங்களின் கதை இதைவிடப் பரிதாபமானது. 1980களின் நடுவில் சவரன் 2,000 ரூபாய்க்கும் கீழே விற்ற காலத்தில், சில ஆயிரங்களை வைப்பில் போட்டு ஆண்டுதோறும் முதல் மாணவருக்குத் தங்கப் பதக்கம் என்று எழுதிக்கொடுத்த குடும்பங்கள் உண்டு. 2024 மார்ச்சில் சவரன் 50,000 ரூபாயைத் தாண்டியது. அந்த வட்டிக்கு இன்று முலாம் பூசுவதற்கே திண்டாட்டம்தான்.

நிலம் என்றால் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தஞ்சைத் தரணியில் கட்டளை நிலங்களின், அதாவது அறத்துக்கென்று எழுதிவைத்த நிலங்களின், குத்தகைப் பாக்கி என்பது தலைமுறைகளாக நடக்கும் வழக்கு. பொது அறக்கட்டளைகளின் விவசாய நிலங்களை நிர்வகிப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1961இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. குத்தகைதாரரைப் பாதுகாக்கும் சட்டங்கள் நியாயமானவை. அவை வந்த பிறகு, வெளியூரில் இருந்துகொண்டு நிலத்து வருமானத்தில் அறம் நடத்துவது கடினமாகிவிட்டது என்பதும் உண்மை. இன்று யாரும் உதவித்தொகைக்கு நிலம் எழுதிவைப்பதில்லை, எழுதிவைக்கவும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நிலமும் மந்தையும் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டன என்பதையும், வைப்புநிதியை நாம்தான் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் புரிந்துகொண்டால் போதும். 10 லட்சம் ரூபாய் 7 விழுக்காட்டில் 70,000 தருகிறது. விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால், முதலின் மதிப்பைக் காப்பாற்ற அதில் 50,000 ரூபாய் மீண்டும் முதலில் சேர வேண்டும். உள்ளபடியே வழங்கக்கூடிய நெய் 20,000 ரூபாய்தான், மிச்சமெல்லாம் குட்டி. ஏறக்குறைய எல்லா அறக்கட்டளைகளும் குட்டியையும் சேர்த்தே வழங்கிவிடுகின்றன.

இதில் சட்டம் ஒரு முடிச்சைப் போட்டிருக்கிறது. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை, ஓர் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறச்செயலுக்குச் செலவிட வேண்டும் என்பது நெடுநாள் விதி. நிபந்தனையின்றி ஒதுக்கிக்கொள்ளக்கூடியது 15 விழுக்காடுதான். மேலே சொன்ன 70,000 ரூபாயில் இது 10,500, தேவையோ 50,000. அறத்துக்கென்று வாங்கிய பணத்தைப் பூட்டிவைக்காமல் செலவிடச் செய்வதுதான் விதியின் நோக்கம். அதில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் வட்டியிலிருந்து குட்டியைச் சேமிக்கும் வழி இதனால் பெரும்பாலும் அடைபடுகிறது. திறந்திருக்கும் வழி, முதலுக்கென்றே எழுதிக் கொடுக்கப்படும் நன்கொடை. கொடுப்பவர் இது மூலதனத்துக்கு என்று எழுத்தில் குறிப்பிட்டால், சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில் வைக்கும் வரை அது அந்த ஆண்டின் வருமானமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆகவே ஒரே தவணையில் 5 லட்சத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் குடும்பத்தைவிட, 2 லட்சத்தில் தொடங்கி ஒவ்வொரு நினைவுநாளிலும் 20,000 ரூபாயை முதலில் சேர்க்கும் குடும்பத்தின் அறக்கட்டளை நீண்டநாள் வாழும். ஆண்டுதோறும் திதி கொடுக்கும் வழக்கமுள்ள மண்ணில் இது புரியாத கணக்கு அல்ல.

முதலே வேண்டாம் என்ற வழியும் இங்கேயே இருக்கிறது. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களில் ஜகாத் நிதியிலிருந்து ஏழை மாணவரின் படிப்புச் செலவைத் தாங்குபவர்கள் அதை வைப்பில் போட்டு வட்டியில் தருவதில்லை. தருவதற்கும் அங்கே இடமில்லை. சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு ஆண்டுதோறும் கணக்கிட்டு, உரியவரின் கைக்குப் போய்விடுகிறது. விலைவாசி ஏறினால் கொடுப்பவரின் வருமானமும் ஏறும் என்பதால் உதவியின் மதிப்பு தேய்வதில்லை. அதன் பலவீனம் வேறு: இரண்டாம் ஆண்டில் இருக்கும் மாணவிக்கு அடுத்த ஆண்டும் கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. நான்காண்டுப் படிப்புக்கு நான்காண்டு வாக்கு வேண்டும்.

இதுவரை முதலைப் பற்றி. யாருக்குக் கொடுப்பது என்பதைப் பத்திரத்தில் எழுதும்போது நடக்கும் தவறு இதைவிடப் பெரியது என்று நான் கருதுவதற்கு ஓர் அனுபவம் காரணம். மன்னார்குடிப் பக்கத்தில் நண்பர் குடும்பம் ஒன்று தாயின் நினைவாக நடத்தும் சிறிய அறக்கட்டளைக்குச் சில ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவருகிறேன். அந்த அம்மையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவர். வாய்க்கால் கரைகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிரசவம் பார்த்தவர் என்பதால் சுற்றுவட்டாரத்தில் அவரை நர்ஸம்மா என்றே சொன்னார்கள். அவர் பெயரால் பிள்ளைகள் எழுதிய பத்திரமோ, நிதியின் வருமானம் எம்.பி.பி.எஸ். படிக்கும் மாணவர்களுள் அதிக மதிப்பெண் பெற்றவருக்கு வழங்கப்பட வேண்டும் என்றது. தாயின் தொழிலைப் படிக்கும் பெண் தாயின் பெயரிலான உதவிக்கு விண்ணப்பிக்க முடியாது. பல ஆண்டுகள் யாருக்கும், எனக்கும்கூட, அது உறுத்தவில்லை.

உறுத்தத் தொடங்கியது ஒரு மாலையில். ஏழாவது விண்ணப்பத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். மகள் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. இது டாக்டர் படிப்புக்கு மட்டும்தான் என்று நண்பர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பீஸ எப்புடியோ கட்டிப்புட்டோம் சார். மாசா மாசம் மெஸ்ஸுக்குத்தான் முழி பிதுங்குது" என்றார் அந்த அம்மா. மகள் கையிலிருந்த துணிப்பையில் ரெக்கார்டு நோட்டுகள் இருந்தன. சீருடை இரண்டு செட், வெள்ளைக் காலணி, தேர்வுக் கட்டணம், கிளினிக்கல் போஸ்டிங் போட்ட மருத்துவமனைக்குப் போய்வரும் பேருந்துச் செலவு என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னதை நான் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். பத்திரத்தில் இடமில்லை என்று அன்று திருப்பி அனுப்பிவிட்டோம். அந்த ஆண்டு எங்கள் தொகையைப் பெற்ற மாணவரோ அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தவர். தந்தை வங்கி அதிகாரி.

மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாக வைப்பதன் விளைவு இது. நீட் தேர்வு 2017இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த பிறகு, ஓராண்டோ ஈராண்டோ வீட்டில் இருந்து மீண்டும் பயிற்சி பெறும் வசதியுள்ளவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடம் எளிதாயிற்று. அந்த வசதியில்லாத அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுக் கல்லூரிகளில் மற்றவர்களுக்கும் கட்டணம் குறைவுதான். சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்த எம்.பி.பி.எஸ். கட்டணம், மாணவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021இல் அரசுக் கட்டணமான 13,610 ரூபாய்க்கு இறங்கியது. கல்விக் கட்டணத்துக்கு மட்டும் என்று எழுதப்பட்ட ஓர் உதவித்தொகை அங்கே ஒரே நாளில் முக்கால்வாசிப் பயனிழந்திருக்கும். மருத்துவ மாணவருக்கும் செலவு இல்லாமலில்லை: புத்தகம், ஸ்டெதஸ்கோப், மூத்த மாணவர்களிடமிருந்து கைமாறும் எலும்புத் தொகுப்பு, விடுதி. ஆனால் கல்விக் கட்டணம் என்ற ஒரு தலைப்பில் மட்டும் பணம் குவிந்து, மற்ற தலைப்புகள் காலியாகக் கிடக்கின்றன.

செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், இயன்முறை மருத்துவர் ஆகியோருக்கான படிப்புகள் பெரும்பாலும் தனியார் கல்லூரிகளில் நடக்கின்றன. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, பி.பார்ம். நான்கு ஆண்டு, இயன்முறை மருத்துவம் பயிற்சிக் காலத்தோடு நான்கு ஆண்டுக்கும் மேல். இவற்றைப் படிப்பவர்களுள் கணிசமானோர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நன்கொடையாளர் பார்வை இவர்கள் மீது விழுவதில்லை என்பது குடும்ப அறக்கட்டளைகளின் குறை மட்டுமல்ல. காரைக்காலை மையமாகக் கொண்டு டெல்டாவில் எண்ணெய் எடுக்கும் ஓ.என்.ஜி.சி. நாடு முழுவதும் ஆண்டுக்கு 48,000 ரூபாய் வீதம் வழங்கிவரும் உதவித்தொகையின் பட்டியலில் பொறியியலும் எம்.பி.பி.எஸ்.ஸும் மேலாண்மையும் நிலவியலும் இருக்கின்றன, செவிலியம் இல்லை. பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் கூறுகிறது. அந்தப் பணமும் பெரும்பாலும் பெயர்பெற்ற படிப்புகளின் பக்கமே சாய்கிறது. டாக்டருக்குப் படிக்க வைத்தோம் என்று சொல்வதில் உள்ள நிறைவு, லேப் டெக்னீஷியனுக்குப் படிக்க வைத்தோம் என்பதில் நம்மில் பலருக்குக் கிடைப்பதில்லை.

அரசின் திட்டங்கள் எங்கே நிற்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் நன்கொடை எங்கே தொடங்க வேண்டும் என்பதும் தெரியும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் வரை இருந்தால் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. இவற்றின் விளிம்பில் விடுபடுபவர்கள் இருக்கிறார்கள்: தனியார் பள்ளியில் கடன்பட்டுப் படித்த குத்தகை விவசாயியின் மகள், வருமானச் சான்றிதழில் வரம்பைச் சில ஆயிரங்களால் தாண்டியவர், படிப்பின் நடுவில் தந்தையை இழந்தவர். சான்றிதழைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு ஓர் ஆண்டு வந்த பதினொரு விண்ணப்பங்களில் எட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்றே இருந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஒரு காலத்தில் இருந்த வரம்பு அது. இ-சேவை மையத்தில் கேட்கும்போது வாயில் வரும் எண்ணாகவே நிலைத்துவிட்டது. எல்லாரும் 72,000 என்றால் சான்றிதழைக் கொண்டு யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. நாங்கள் இப்போது கேட்பது வேறு கேள்விகள்: நிலம் சொந்தமா குத்தகையா, கூடப் படிப்பவர் எத்தனை பேர், கல்விக் கடன் எவ்வளவு வாங்கினீர்கள், இந்த மாத மெஸ் பில்லை யார் கட்டினார்கள்.

பழைய வருமானத்தைக் காட்டும் சான்றிதழ் சில நேரம் கொடுமையாகவும் ஆகும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. நட்ட தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். புயலுக்கு முந்தைய மாதம் வாங்கிய சான்றிதழ்ப்படி வசதியானவர்களாக இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்த ஆண்டு மூன்றாம் பருவக் கட்டணத்துக்கு அலைந்தார்கள். அவசரத்துக்கு என்று ஒரு பங்கை ஒதுக்கி, சான்றிதழ் கேட்காமல் அறங்காவலர் முடிவின்படி ஒரு வாரத்துக்குள் கொடுக்கலாம் என்ற ஒரு வரி பத்திரத்தில் இருந்தால் போதும்.

எவ்வளவு என்பதைவிட எப்போது என்பது இங்கே முக்கியமாவதற்குக் காவிரியின் நாட்காட்டியே காரணம். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுவை; இல்லாவிட்டால் சம்பா மட்டும். சம்பாவுக்கு ஆவணி, புரட்டாசியில் உழவு, நாற்றங்கால், நடவு, உரம் என்று பணம் வெளியே போய்க்கொண்டிருக்கும். உள்ளே வருவது தை, மாசியில், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்ட பிறகு. மருத்துவப் படிப்புகளின் கலந்தாய்வும் சேர்க்கையும் கட்டணக் கெடுவும் வருவது சரியாக ஆவணிக்கும் ஐப்பசிக்கும் இடையில். வட்டிக்கு வாங்கினால் மாதம் நூற்றுக்கு 3 ரூபாய், சில இடங்களில் 5 ரூபாய். ஐப்பசியில் வாங்கிய 30,000 ரூபாயை மாசியில் அடைக்கும்போது, 3 ரூபாய் வட்டியில் நான்கு மாதத்துக்கு 3,600 ரூபாய் கூடுதலாகப் போகும். பல அறக்கட்டளைகளோ விழா எடுத்து, தலைமை விருந்தினர் தேதி கொடுத்து, மார்ச்சில் காசோலை வழங்குகின்றன. ஐப்பசியில் 15,000 கிடைத்திருந்தால் அது மார்ச்சில் கிடைக்கும் 20,000-ஐவிடப் பெரிய உதவி. மேடைப் படத்துக்குத்தான் மார்ச் வசதி.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கொடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு; டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் சம்பாதித்து முறையான வங்கி வழியில் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே சிங்கப்பூர் குடிமகனாகிவிட்டால், தம் தாயின் பெயரிலான அறக்கட்டளைக்கு அவர் கொடுப்பதும் வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அறக்கட்டளை அனுமதி பெற்று, டெல்லியில் உள்ள குறிப்பிட்ட ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் அதைப் பெற முடியும். அண்ணன் தம்பிகளில் ஒருவர் மட்டும் குடியுரிமை மாறியிருக்கும் வீடுகளில் இது தெரியாமல் சிக்கல் வரும்.

பிள்ளைகள் வெளியூர் போய், அறங்காவலர்கள் ஒவ்வொருவராக மறைந்து, கணக்கைத் தொடுவதற்கு ஆளில்லாமல் போவதும் அரிதல்ல. பத்தாண்டுகள் உரிமை கோரப்படாத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். 2023 முதல் உத்கம் என்ற இணையதளத்தில் பெயரைக் கொண்டு தேடிப்பார்த்து, உரிய சான்றுடன் திரும்பப் பெறலாம். தேடுவதற்கு யாராவது இருக்க வேண்டும் அல்லவா?

நோக்கம் காலாவதியானால் என்ன செய்வது என்பதற்கு இந்த மண்ணோடு தொடர்புள்ள பழைய எடுத்துக்காட்டு பச்சையப்ப முதலியார். 1794இல் கும்பகோணத்தில் உயில் எழுதி, சில நாட்களில் திருவையாற்றில் காலமானவர் அவர். உயிலின் அறங்கள் கோயில்களையும் அன்னதானத்தையும் சார்ந்தவை. சொத்து பல்லாண்டு வழக்கில் சிக்கி, வட்டியோடு பெருகி, அறங்களுக்குப் போக மிஞ்சியபோது, அந்த மிச்சத்தைக் கல்விக்குப் பயன்படுத்த நீதிமன்றம் வழிவகுத்தது. 1842இல் பள்ளி பிறந்தது. கொடுத்தவர் சொன்னதை நிறைவேற்ற இயலாதபோது அல்லது நிறைவேற்றியும் மிஞ்சும்போது, அவர் மனத்துக்கு மிக நெருங்கிய வேறொன்றுக்கு நிதியைத் திருப்பலாம் என்ற கோட்பாடு அறக்கட்டளைச் சட்டத்தில் இன்றும் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ், அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர் நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடர்ந்து புதிய திட்டம் வகுக்கக் கோரலாம். ஆனால் 7,000 ரூபாய் வட்டிக்கு யார் நீதிமன்றம் போவார்கள்? பத்திரத்தை எழுதும்போதே மாற்றத்துக்கு இடம் வைப்பதுதான் நடக்கிற காரியம்.

நர்ஸம்மா அறக்கட்டளையில் எங்களைக் காப்பாற்றியது அப்படிப்பட்ட ஒரு வரிதான், அதுவும் தற்செயலாக. பத்திர எழுத்தர் தம்மிடமிருந்த பழைய மாதிரியைப் பார்த்து எழுதியதில், மருத்துவத் துறைக் கல்விக்கு உதவுதல் என்ற பொது நோக்கத்துக்கு உட்பட்டு வழங்கும் விதிகளை அறங்காவலர்கள் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று கடைசிப் பக்கத்தில் சேர்த்திருந்தார். பிள்ளைகள் நால்வரும் கையெழுத்திட்ட தீர்மானத்தின்படி, இப்போது செவிலியம் உட்பட எல்லா மருத்துவத் துறைப் படிப்புகளுக்கும் உதவி உண்டு, ஒருமுறை தேர்வானவருக்குப் படிப்பு முடியும் வரை உண்டு, பணம் புரட்டாசிக்குள் போய்விடும், விழா இல்லை. திருத்துறைப்பூண்டிப் பெண்ணுக்கு அவளது நான்காம் ஆண்டில்தான் எங்களால் கொடுக்க முடிந்தது.

முதல் தேய்வதற்கும் நண்பர் ஒரு வழி செய்திருக்கிறார். அம்மா பெயரில் இருந்த இரண்டு ஏக்கரின் சம்பா மகசூலில் பத்து மூட்டையை ஆண்டுதோறும் தனியே எடுத்து, கொள்முதல் நிலையத்தில் விற்ற பணத்தை மூலதன நன்கொடை என்று எழுதி முதலில் சேர்க்கிறார். நெல் விலை ஏறினால் சேரும் தொகையும் ஏறும். தணிக்கையாளர் அதற்கு நீண்ட பெயர் ஒன்று வைத்திருக்கிறார். வீட்டில் இருக்கும் நோட்டில் நண்பரின் மனைவி அந்தப் பத்தியின் தலைப்பில் குட்டி என்று எழுதிவைத்திருக்கிறார்.